தரகுப் பணமும் வாசகர் நம்பிக்கையும்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னர் நாலு பேரிடம் விசாரித்தறிவது எமது சமூகங்களின் நீண்டகால வழக்கமாகும். குளிர்சாதனப் பெட்டி வாங்குவதாயின் அதனை ஏற்கெனவே பாவித்து வரும் அயலவரிடமும், தையல் இயந்திரம் வாங்குவதாயின் அத்தொழிலில் ஈடுபட்டிருப்பவரிடமும் கேட்டறிந்த பின்னரே கடைப்படி ஏறுவோம். அவர்கள் கூறும் ஆலோசனைக்கு நாம் பணம் கொடுப்பதில்லை. நாம் எதனை வாங்கினாலும் அவர்களுக்கு இலாபமுமில்லை, நட்டமுமில்லை. அவர்களது சொல்லுக்கு நாம் அளிக்கும் மதிப்பு இந்தப் பற்றின்மையிலிருந்தே பிறக்கின்றது.

அந்த அயலவரின் இடத்தை இன்று பெருமளவில் பிடித்துக் கொண்டிருப்பவை பொருட்களைப் பரிசோதித்து மதிப்பிடும் இணையத்தளங்களாகும். எந்தக் கையடக்கத் தொலைபேசி சிறந்தது, எந்தச் சலவை இயந்திரம் நீடித்து உழைக்கும், எந்த மெத்தை முதுகுவலி உள்ளவருக்குப் பொருந்தும் என்றெல்லாம் இத்தளங்கள் தீர்ப்பு வழங்குகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை வாசகரிடம் ஒரு சதமேனும் அறவிடுவதில்லை. ஆனால், பத்து மெத்தைகளை விலை கொடுத்து வாங்கி, ஆட்களை அமர்த்தி, வாரக்கணக்கில் பரிசோதிப்பதற்குப் பெருந்தொகைப் பணம் வேண்டும். வாசகர் கொடுக்காத அப்பணத்தை யார் கொடுக்கின்றார்கள்? பொருளை விற்பவரே கொடுக்கின்றார் என்பதே இதற்கான விடையாகும். அவ்வாறாயின், விற்பவரிடம் கூலி பெறும் ஒருவர் வாங்குபவருக்கு நேர்மையான தீர்ப்பு வழங்க முடியுமா என்ற கேள்வி தவிர்க்க முடியாமல் எழுகின்றது.

முடியும் என்பதே எமது கருத்து. எனினும் அது தானாக நிகழ்வதில்லை. தரகுப் பணம் பெறுகின்றோம் என்று பக்கத்தின் ஓர் ஓரத்தில் அறிவித்து விடுவதால் மாத்திரம் அந்த நேர்மை கிடைத்து விடுவதுமில்லை. தீர்ப்பை யார் எழுதுகின்றார், பணக்கணக்கை யார் பார்க்கின்றார், இருவருக்கும் இடையே என்ன இருக்கின்றது என்பவையே அதனைத் தீர்மானிக்கின்றன.

முதலில் இந்த ஏற்பாடு இயங்கும் முறையை விளங்கிக் கொள்வது அவசியம். மதிப்பீட்டுத் தளமொன்று ஒரு பொருளைப் பரிந்துரைத்து, அதனை விற்கும் கடையின் பக்கத்துக்கு ஓர் இணைப்பைக் கொடுக்கின்றது. அந்த இணைப்பினுள் தளத்துக்குரிய அடையாளக் குறியீடு பொதிந்திருக்கும். வாசகர் அதனை அழுத்திக் கடைக்குச் சென்று பொருளை வாங்கினால், இவரை அனுப்பி வைத்தது இன்ன தளம் என்பதைக் கடை அறிந்து கொள்கின்றது. விற்பனைத் தொகையில் ஒரு குறிப்பிட்ட வீதம் தளத்தின் கணக்கில் சேருகின்றது. இதனையே வணிக உலகம் 'அபிலியேட் கொமிஷன்' என்றழைக்கின்றது. வாங்குபவர் செலுத்தும் விலை இதனால் கூடுவதில்லை. கடை தனது இலாபத்திலிருந்தே இதனைக் கொடுக்கின்றது.

அமெரிக்காவின் அமேசன் நிறுவனம் 1996 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இத்திட்டத்தை ஆரம்பித்தது. அப்போது அது புத்தகம் விற்கும் கடை மாத்திரமே. புத்தகங்களைப் பற்றி எழுதும் சிறு தளங்கள் தமக்குப் பிடித்த நூலைச் சுட்டிக்காட்டி வாசகரை அனுப்பி வைத்தால் ஒரு பங்கு தருவதாக அது அறிவித்தது. அமேசன் விற்காத பொருளே இல்லை என்ற நிலை பின்னர் ஏற்பட்டபோது இத்திட்டமும் அதனுடன் சேர்ந்து வளர்ந்தது. இணைப்பை அழுத்தியதிலிருந்து 24 மணித்தியாலங்களுக்குள் வாசகர் வாங்கும் பொருட்களுக்குத் தளத்துக்குப் பங்கு கிடைப்பது இதன் பொதுவான விதி. பொருளின் வகையைப் பொறுத்து வீதம் வேறுபடும். பலசரக்குப் பொருட்களுக்கு 1 சதவீதம், வேறு சிலவற்றுக்கு அதனிலும் பன்மடங்கு என்றவாறு அது அமைந்துள்ளது.

இந்த முறை தோன்றுவதற்கு முன்னர் நடுநிலையான மதிப்பீட்டுக்கு வேறொரு வழி இருந்தது. அமெரிக்காவில் 1936 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட பாவனையாளர் அமைப்பொன்று தனது சஞ்சிகையில் விளம்பரம் எதனையும் ஏற்பதில்லை என்ற விரதத்தை மேற்கொண்டது. இன்று 'கன்ஸியூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற பெயரில் இயங்கும் அவ்வமைப்பு, பரிசோதிக்கும் பொருட்களைச் சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடையில் விலை கொடுத்தே வாங்குகின்றது. உற்பத்தியாளர் விசேடமாகத் தெரிந்தெடுத்து அனுப்பும் பொருளை அது பரிசோதனைக்கு எடுப்பதில்லை. பிரித்தானியாவில் 1957 ஆம் ஆண்டில் தோன்றிய 'விச்?' சஞ்சிகையும் இவ்வழியையே பின்பற்றியது. இவ்விரண்டுக்கும் வருமானம் பிரதானமாகச் சந்தாதாரரிடமிருந்தே வந்தது. வாசகரே எசமானர் என்பதால் யாருக்கு விசுவாசமாக இருப்பது என்ற குழப்பம் அங்கு எழவில்லை. ஆனால், சந்தா செலுத்த இயலாதவருக்கு அந்த அறிவுரையும் எட்டவில்லை. காலப்போக்கில் 'கன்ஸியூமர் ரிப்போர்ட்ஸ்' கூடத் தனது இணையப் பக்கங்களில் கடைகளுக்கான தரகு இணைப்புகளைச் சேர்த்துக் கொண்டுள்ளமை இங்கு கவனிக்கத்தக்கது. விளம்பரத்தை இன்றும் ஏற்காத அந்த நிறுவனம், இவ்வாறு கிடைக்கும் பணத்தைத் தனது பொதுப் பணிக்கே செலவிடுவதாகக் கூறுகின்றது.

தரகுப் பணத்தையே பிரதான வருமானமாகக் கொண்டு தரமான மதிப்பீட்டைச் செய்ய முடியும் என்பதற்கு அதிகமாக எடுத்துக்காட்டப்படும் உதாரணம் 'வயர்கட்டர்' என்ற தளமாகும். தொழில்நுட்பச் செய்தித் தளமொன்றின் ஆசிரியராக விளங்கிய பிரயன் லாம் என்பவர் 2011 ஆம் ஆண்டில் இதனை ஆரம்பித்தார். நாளொன்றுக்கு நூறு செய்திகளை வெளியிட்டு, பக்கத்தைப் பார்ப்போரின் எண்ணிக்கையைப் பெருக்கி, விளம்பரத்தில் வாழும் முறையிலிருந்து விலகிச் செல்வது அவரது நோக்கமாக இருந்தது. ஒவ்வொரு வகைப் பொருளிலும் பலவற்றை நாட்கணக்கில் பரிசோதித்து, பெரும்பாலானோருக்கு ஏற்றது இதுதான் என ஒன்றைச் சுட்டிக்காட்டுவதே அத்தளத்தின் பாணி. நியூயோர்க் டைம்ஸ் நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் 3 கோடி டொலருக்கும் அதிகமான தொகைக்கு அதனையும் அதன் சகோதரத் தளத்தையும் வாங்கியது. மிகப் பெரிய பத்திரிகை நிறுவனமொன்று தனது நற்பெயரைத் தரகுப் பணத்துடன் இணைத்துக் கொள்ளத் துணிந்தமை அன்று பலரது கவனத்தையும் ஈர்த்தது.

அத்தளம் பகிரங்கமாக அறிவித்துள்ள நடைமுறை எளிமையானது. எந்தக் கடையுடன் அல்லது எந்தக் கம்பனியுடன் தரகு உடன்பாடு உள்ளது என்பது, தெரிவை முடிவு செய்யும் வரையில் எழுத்தாளருக்கோ ஆசிரியருக்கோ அறிவிக்கப்படுவதில்லை. முதலில் தீர்ப்பு எழுதப்படும். இணைப்பு அதன் பின்னரே வரும். உடன்பாடுகளைக் கவனிப்பது தனியான வணிகப் பிரிவு. பத்திரிகைத் துறையில் உள்ள எமக்கு இது புதியதொன்றல்ல. ஆசிரிய பீடத்துக்கும் விளம்பரப் பிரிவுக்கும் இடையே ஒரு சுவர் இருக்க வேண்டும் என்ற பழைய நியதியின் புதிய வடிவமே இது.

இம்முறைக்குள் நேர்மைக்குச் சாதகமான ஒரு பொருளாதார நியாயமும் உண்டு. வாசகர் வாங்கிய பொருளைத் திருப்திப்படாமல் திருப்பி அனுப்பி விட்டால், தளத்துக்குரிய தரகுப் பணமும் போய்விடும். தவறான பரிந்துரையை நம்பி ஏமாந்தவர் அடுத்த முறை அந்தத் தளத்தின் பக்கம் வரமாட்டார். அத்துடன், ஒரே கடையில் ஒரே வகைப் பொருட்களுக்கு வீதமும் பொதுவாக ஒன்றே. இந்தக் கம்பனியின் மின்கேத்தலைப் பரிந்துரைத்தாலென்ன, அந்தக் கம்பனியினதைப் பரிந்துரைத்தாலென்ன, விலை சமமாயின் கிடைப்பதும் சமமே. ஆகவே, கம்பனிகளுக்கிடையே பக்கச்சார்பு காட்டத் தூண்டும் காரணம் இங்கு குறைவு.

ஆனால், ஆசை நுழையும் வாசல்கள் வேறு உள்ளன. வீதம் 3 சதவீதமாயின் 100 டொலர் பொருளுக்கு 3 டொலரும் 300 டொலர் பொருளுக்கு 9 டொலரும் கிடைக்கும். மலிவான பொருளே போதுமானது என்று சொல்பவர் தமது வருமானத்தைத் தாமே குறைத்துக் கொள்கின்றார். தரகு கொடுக்காத கடையில் மாத்திரம் கிடைக்கும் நல்ல பொருளைப் பற்றி எழுதுபவருக்கு எதுவுமே கிடைப்பதில்லை. இவற்றையெல்லாம் விடப் பெரியது, பொதுவான கடையைத் தவிர்த்து உற்பத்தியாளரே நேரடியாக விற்று, தாமே தரகு வீதத்தையும் நிர்ணயிக்கும் துறைகளில் ஏற்படும் ஆபத்தாகும். அங்கு ஒரு கம்பனி மற்றதை விட அதிகம் கொடுக்கலாம். எழுதியது பிடிக்காவிடின் கொடுப்பதையே நிறுத்தி விடவும் செய்யலாம்.

அமெரிக்காவின் மெத்தை வியாபாரத்தில் நிகழ்ந்தது இதனை நன்கு விளக்குகின்றது. 2010 களில் இணையத்தின் மூலம் மெத்தை விற்கும் கம்பனிகள் பல அங்கு தோன்றின. கடையில் படுத்துப் பார்த்து வாங்க இயலாத பொருள் என்பதால் மக்கள் மதிப்பீட்டுத் தளங்களையே நம்பினர். 'காஸ்பர்' என்ற முன்னணிக் கம்பனி 2016 ஆம் ஆண்டில் இத்தகைய மூன்று தளங்களுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. போட்டிக் கம்பனிகளிடம் பெறும் தரகுப் பணத்தை அவை வாசகருக்கு முறையாக வெளிப்படுத்தவில்லை என்பது அதன் முறைப்பாடு. வழக்குகள் சமரசமாக முடிவடைந்தன. அடுத்த ஆண்டில் அவற்றுள் ஒன்றான 'ஸ்லீப்போபொலிஸ்' வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்தக் கொள்வனவுக்கு நிதியுதவி செய்தது, வழக்குத் தொடுத்த அதே காஸ்பர் கம்பனிதான். அதன் பின்னர் அத்தளத்தில் காஸ்பர் மெத்தை பற்றிய மதிப்பீடும் முன்னரை விடச் சாதகமானதாக மாறியதை அமெரிக்கப் பத்திரிகைகள் சுட்டிக்காட்டின. நிதியுதவி பற்றிய குறிப்பு அத்தளத்தில் இடம்பெற்றிருந்தது. எனினும் நள்ளிரவில் முதுகுவலியுடன் மெத்தை தேடும் வாசகருக்கு அந்தக் குறிப்பின் உட்பொருள் முழுவதும் விளங்கியிருக்குமா என்பது கேள்விக்குரியதே.

இதற்கும் அப்பால் சென்று தரவரிசையையே விலைக்கு விற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களும் உள்ளனர். மாணவர் கடன் போன்ற நிதிச் சேவைகளை ஒப்பிட்டுக் காட்டிய 'லென்ட் எடியு' என்ற தளம், தனது மதிப்பீடுகள் பக்கச்சார்பற்றவை எனப் பறைசாற்றிக் கொண்டே பணம் கொடுத்த கம்பனிகளுக்கு உயர்ந்த இடங்களை வழங்கியதாக அமெரிக்க சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2020 ஆம் ஆண்டில் குற்றஞ்சாட்டியது. அத்தளத்தை நடத்தியவர்கள் 350,000 டொலர் செலுத்தி அவ்விவகாரத்தைத் தீர்த்துக் கொண்டனர். தவறான கேத்தலை வாங்கியவர் இழப்பது சிறு தொகையே. தவறான கடனைப் பெற்ற மாணவரோ பல ஆண்டுகள் அதன் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும்.

தரகுப் பணத்தை மாத்திரம் நம்பியிருப்பதில் மற்றொரு பலவீனமும் உண்டு. 2020 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கொரோனா பெருந்தொற்றின் மத்தியில், அமேசன் தனது தரகு வீதங்களைத் திடீரெனக் குறைத்தது. தளபாடங்களுக்கும் வீட்டுத் திருத்தப் பொருட்களுக்கும் 8 சதவீதமாக இருந்தது 3 சதவீதமாகியது. பலசரக்குக்கு 5 சதவீதமாக இருந்தது 1 சதவீதமாகியது. பேச்சுவார்த்தையோ உடன்பாடோ இதற்குத் தேவைப்படவில்லை. கொடுப்பவர் ஒருவராக இருந்தால் பெறுபவரின் சுதந்திரம் அவரது கையிலேயே தங்கியுள்ளது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. வயர்கட்டர் தளம் 2021 ஆம் ஆண்டில் தனது பக்கங்களைச் சந்தாதாரருக்குரியவையாக மாற்றத் தொடங்கியதை இந்தப் பின்னணியிலும் நோக்கலாம். வாசகரின் பணமும் விற்பவரின் பணமும் சேர்ந்து வரும்போது எந்த ஒன்றுக்கும் முழுமையாக அடிபணிய வேண்டியதில்லை.

அதே ஆண்டு நவம்பரில் அத்தளத்தின் ஊழியர்கள் சம்பளக் கோரிக்கையை முன்வைத்துப் பணிப்பகிஷ்கரிப்பில் ஈடுபட்டபோது, அவர்கள் தெரிந்தெடுத்த நாட்கள் நன்றியறிதல் தினத்திலிருந்து அதனைத் தொடரும் திங்கட்கிழமை வரையிலானவை. அமெரிக்காவில் வருடத்தின் மிகப் பெரிய மலிவு விற்பனை நடைபெறும் காலம் அது. அந்நாட்களில் தளத்தைப் பார்க்க வேண்டாமென வாசகரையும் அவர்கள் கேட்டுக் கொண்டனர். பணம் எங்கிருந்து, எப்போது வருகின்றது என்பதை ஊழியர்கள் நன்கறிந்தே இருந்தனர். சுவர் என்பது அறியாமையால் கட்டப்படுவதன்று. அறிந்தும் அதனைத் தீர்ப்பினுள் அனுமதிக்காத ஒழுங்கினால் கட்டப்படுவது.

நற்பெயர் பெற்ற பழைய சஞ்சிகைகள் தமது பெயரை வாடகைக்கு விடுவது அண்மைக்கால ஆபத்தாகும். 1954 ஆம் ஆண்டிலிருந்து வெளிவரும் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' என்ற விளையாட்டுச் சஞ்சிகையின் இணையத்தளத்தில், இல்லாத ஆட்களின் பெயர்களிலும் கணினி உருவாக்கிய முகப்படங்களுடனும் பொருள் மதிப்பீடுகள் வெளியாகியமை 2023 ஆம் ஆண்டு நவம்பரில் அம்பலமாகியது. வெளியீட்டாளர் அவை வெளிநிறுவனமொன்று வழங்கியவை எனக் கூறி, அவற்றை நீக்கி, உடன்பாட்டையும் முறித்துக் கொண்டார். கட்டுரைகளை எழுதியவர்கள் மனிதரே என அந்த வெளிநிறுவனம் கூறியதாகவும் வெளியீட்டாளர் தெரிவித்தார். எவ்வாறாயினும், பந்தை யாரும் தொட்டுப் பார்க்காமலே பந்தைப் பற்றிய பரிந்துரை வெளிவர முடியும் என்ற நிலை வாசகருக்கு அச்சமூட்டுவதாகும். ஒரு தளத்தின் நற்பெயரை மூன்றாந் தரப்பினர் இவ்வாறு பயன்படுத்துவதற்கு எதிராகக் கூகிள் நிறுவனம் 2024 ஆம் ஆண்டில் தனது தேடல் விதிகளைக் கடுமையாக்கியது.

சட்டமும் மெதுவாகப் பின்தொடர்ந்து வருகின்றது. பணமோ இலவசப் பொருளோ பெற்று எழுதுபவர் அதனை வெளிப்படுத்த வேண்டுமென்ற நெறியை அமெரிக்க சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2009 ஆம் ஆண்டில் இணைய எழுத்தாளர்களுக்கும் விரிவுபடுத்தியது. அவ்வறிவித்தல் வாசகரின் கண்ணிலிருந்து தப்ப முடியாதவாறு அமைய வேண்டுமென 2023 ஆம் ஆண்டில் வலியுறுத்தியது. 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த அதன் விதி, பொய்யான மதிப்பீடுகளை வாங்குவதையும் விற்பதையும் தடை செய்துள்ளது. ஒரு கம்பனி தனது கட்டுப்பாட்டிலுள்ள தளத்தைச் சுயாதீனமான மதிப்பீட்டுத் தளம் எனக் காட்டிக் கொள்வதும் அவ்விதியின்படி குற்றமாகும். பிரித்தானியாவிலும் போலி மதிப்பீடுகளுக்கு எதிரான சட்டம் 2025 ஏப்ரலில் அமுலுக்கு வந்தது.

எனினும், சட்டத்தால் தீர்க்க முடியாத குறையொன்று இம்முறையின் அடித்தளத்திலேயே உள்ளது. 'வாங்காதீர்கள்' என்ற அறிவுரைக்குத் தரகு கிடையாது. உங்களிடமுள்ள பழைய தொலைபேசிக்கு மின்கலத்தை மாற்றினால் இன்னும் இரண்டு வருடங்கள் உழைக்கும், இந்தப் பொருளே உங்களுக்கு அவசியமில்லை என்று எழுதுபவருக்கு எந்தக் கடையும் பணம் அனுப்புவதில்லை. பொய் எதனையும் எழுதாமலே, எதனைப் பற்றி எழுதுவது, எதனை விட்டுவிடுவது என்ற தெரிவின் மூலம் ஒரு தளம் வாசகரை ஒரு திசையில் நடத்திச் செல்ல முடியும். ஆதலால், தரகுப் பணத்தில் வாழும் தளமொன்றின் நேர்மையை அளப்பதற்கு நாம் கண்ட சிறந்த உரைகல், தனக்கு வருமானம் தராத வார்த்தையை அது எத்தனை முறை சொல்லியிருக்கின்றது என்பதேயாகும்.

வாசகர்கள் கவனிக்க வேண்டியவை வேறும் உள்ளன. பொருளை எவ்வாறு பரிசோதித்தார்கள், எத்தனையுடன் ஒப்பிட்டார்கள், அதனை விலைக்கு வாங்கினார்களா இலவசமாகப் பெற்றார்களா என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். பரிந்துரைத்த பொருளின் குறைகளும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். தரகு பற்றிய அறிவித்தல் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்க வேண்டும். எழுதியவர் அடையாளம் காணக்கூடிய ஒருவராக இருக்க வேண்டும். பட்டியலிலுள்ள பத்துப் பொருட்களும் மிகச் சிறந்தவை என்று சொல்லும் தளம் எதனையும் பரிசோதிக்கவில்லை என்று கொள்வதே பாதுகாப்பானது.

இவை தொலைதூர நாடுகளின் விவகாரங்கள் என்று இலங்கை வாசகர்கள் ஒதுக்கி விடுவதற்கில்லை. தொலைபேசி முதல் முகப்பூச்சு வரை தமிழில் மதிப்பிட்டுப் பேசும் காணொளிகளை எமது இளைஞர்கள் ஆர்வத்துடன் பார்க்கின்றனர். பேசுபவருக்கு அப்பொருள் அன்பளிப்பாகக் கிடைத்ததா, விற்பனையில் அவருக்குப் பங்குண்டா என்பது எல்லா வேளைகளிலும் சொல்லப்படுவதில்லை. பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வர்த்தக நடத்தையை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடை செய்கின்றது. ஆயினும் அது வர்த்தகரை நோக்கி எழுதப்பட்ட சட்டம். கூலி பெற்றுப் பரிந்துரைப்பவர் அக்கூலியை வெளிப்படுத்த வேண்டுமென்ற தெளிவான நெறிமுறையை அதிகாரிகள் வகுப்பது காலத்தின் தேவையாகும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தோ தவணை முறையிலோ ஒரு பொருளை வாங்கும் குடும்பத்துக்குத் தவறான ஆலோசனையின் விலை மிக அதிகம்.

தரகு பெறுவது இழுக்கான தொழிலல்ல. காணிக்கும் வீட்டுக்கும் தரகர் உண்டு. அவரது கூலியை இரு தரப்பினரும் அறிந்திருப்பதால் அதில் வஞ்சகம் எதுவுமில்லை. தரகர் தம்மை நீதிபதி என அழைத்துக் கொள்ளும்போதே சிக்கல் ஆரம்பமாகின்றது. நீதிபதியின் ஆசனத்தில் அமர விரும்புபவர், கூலியைப் பற்றிய கணக்கேட்டை வேறொருவரின் மேசையில் வைத்துவிட்டே அங்கு வர வேண்டும். அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் தளங்கள் நிலைத்திருப்பதும் மறைவதும் வாசகரின் கையிலேயே உள்ளது.